மரவள்ளி சாப்பிட்ட வாய்க்கு இஞ்சித் தேத்தண்ணி

1. கோப்பைகள் கீழே இறங்கிய சத்தம்

இருபத்திரண்டு பேர் ஒரே நேரத்தில் தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருடமாகச் சாப்பாடு சமைத்துக் கொடுக்கிறேன். அந்தச் சத்தத்தை ஒரேயொரு தடவைதான் கேட்டிருக்கிறேன். இன்னொரு தடவை கேட்கும் விருப்பம் இல்லை.

வீட்டுத்தோட்டத்தை நம்பிச் சமையல் தொழிலில் இறங்கும் பிள்ளைகள் சிலர் இப்போது என்னைத் தேடி வருகிறார்கள். “தங்கேஸ் அக்கா, உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ” என்று கொப்பியும் பேனையுமாக இருக்கிறார்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று சொல்வேன் என்று எதிர்பார்ப்பு. அதெல்லாம் கைப்பழக்கத்தில் தானாக வரும். நான் எழுதப்போவது, என் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து அரசாங்க உத்தியோகத்தர்கள் இருபத்திரண்டு பேரைக் கொன்றுவிட்டோம் என்று ஓர்ஸ் ஹில் பயிற்சி நிலையத்தில் எல்லோரும் நம்பிய ஒரு முற்பகலைப் பற்றி. நாங்களும் நம்பினோம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2. நாற்பது பேர்ச் மணலும் ஓர் ஓட்டைப் போட்டும்

எங்கள் வீடு உப்புவெளியில். நாற்பது பேர்ச் காணி. வீடும் கிணறும் போக மிச்சமெல்லாம் மணல். முதன்முதலில் நான் நட்ட கத்தரிக்கன்றுகள் மூன்றாம் நாளே தலையைத் தொங்கப்போட்டுவிட்டன. மாட்டெரு, வாழைச்சருகு, மீன் கழுவிய தண்ணீர், குசினிக் கழிவு என்று வருடக்கணக்காகக் கொட்டித்தான் அதை மண் என்று சொல்லும் நிலைக்குக் கொண்டுவந்தேன். இப்போது முருங்கை, அகத்தி, பொன்னாங்காணி, பயற்றங்காய், பூசணி எல்லாம் நிற்கின்றன. வேலியோரம் முழுக்க மரவள்ளி.

இவற்றை வைத்துத்தான் என் தொழில். காலையில் இலைக்கஞ்சி, மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, இரண்டு மரக்கறி, ஒரு வறை, ஒரு மீன்குழம்பு. சுவைக்காகப் போடும் பைக்கற் தூள் எதுவும் என் குசினிக்குள் வந்ததில்லை. சாப்பிட்ட பிறகு கதிரையிலேயே நித்திரை வராத சாப்பாடு என்று ஒரு கந்தோர்க்காரர் சொன்னார். எனக்குக் கிடைத்த சான்றிதழ் அதுதான்.

என் வீட்டுக்காரர் சிவராசா துறைமுகத்தில் லோஞ்ச் படகு ஓட்டியவர். நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு ஆட்களையும் சாமான்களையும் கொண்டுபோய் இறக்கும் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஓட்டினார். லோஞ்ச் முதலாளி தொழிலை மூடியதும் மனிதர் கரையேறினார். கரையேறியவர் நேராக வந்து என் தோட்டத்துக்குள் நின்றார்.

எனக்குத் தோட்டம் என்றால் தோட்டம். அவருக்கு அதுவும் ஒரு லோஞ்ச். தண்ணீர்க் குழாயைக் கப்பல் கயிறு மாதிரி வட்டமாகச் சுற்றி வைப்பார். நான் அதை இழுத்து அவிழ்த்தால் முகம் சுருங்கும். மண்வெட்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆணி. ஒருநாள் சல்லிக் கிராமத்தில் இருக்கும் அவருடைய மச்சான் கைவிட்ட ஓட்டை ஃபைபர் போட் ஒன்றை லொறியில் ஏற்றிக்கொண்டுவந்து முற்றத்தின் நடுவில் இறக்கினார். அதற்குள் எருவும் மண்ணும் நிரப்பி, பின்பக்கத்தில் கொச்சிக்காய் மிளகாயும் அணியத்தில், அதுதான் போட்டின் முன்மூக்கில், இஞ்சியும் நட்டார்.

“மனுசர் மீன் பிடிக்கிற போட்டில நீங்கள் இஞ்சி பிடிக்கப்போறீங்களோ?” என்று கேட்டேன். அக்கம்பக்கமும் சிரித்தது. ஆனால் இஞ்சி வந்தது. இந்த மணற்காட்டில் இஞ்சி வந்தது என்பதை அவர் பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் சொன்னார்.

தோட்டத்தைப் பிடித்தவர் அடுத்ததாகக் குசினிக்குள் வந்தார். மூன்று நாளில் இரண்டு சண்டை. கடைசியில் ஓர் ஒப்பந்தம் செய்தோம். சோறு கறி எல்லாம் என் பொறுப்பு. தேத்தண்ணி அவர் பொறுப்பு. அவருக்குத் தனி அடுப்பு. அவருடைய கேத்தலை நான் தொடுவதில்லை. என் சட்டியை அவர் திறப்பதில்லை. அதன் பிறகுதான் வீட்டில் சமாதானம் வந்தது. அந்தச் சமாதானம்தான் பின்னால் எங்களை மாட்டிவிட்டது.

3. வீட்டுக்குள் ஒரு தபால்காரி

துறைமுகத்தைப் பார்த்தபடி இருக்கும் மேட்டுப் பகுதியான ஓர்ஸ் ஹில்லில் ஒரு பயிற்சி நிலையம் இருக்கிறது. மாவட்டத்தின் நாலா பக்கத்திலிருந்தும் உத்தியோகத்தர்கள் அங்கே வந்து இரண்டு நாள் மூன்று நாள் படிப்பார்கள். அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி, நாங்கள் சேர் என்று கூப்பிடுபவர், ஒருநாள் என் சோற்றுப் பார்சலைச் சாப்பிட்டுவிட்டு ஃபோனில் கோல் எடுத்தார். வரும் கிழமை மூன்று நாள் பயிற்சிக்கு நான் சமைக்கவேண்டும். சரிவந்தால் வருடம் முழுவதும் எனக்கே ஓடர்.

அதே கிழமைதான் மோகனும் கோல் எடுத்தான். மோகன் என் வீட்டுக்காரரோடு லோஞ்சில் வேலை செய்த பையன். இப்போது கொழும்பில் ஒரு களஞ்சியத்தில் இருக்கிறான்.

“மோகன் கேட்கிறான். அங்க வாட்ச்சர் வேலை இருக்காம். தங்குமிடமும் குடுப்பினமாம்” என்றார் இவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். “போகட்டே?”

“போறதெண்டால் போங்கோ. நான் மறிச்சனானே?” என்றேன்.

மறித்திருக்கவேண்டும். எனக்கு அவர் போவதில் துளியும் விருப்பம் இல்லை. காலையில் எழும்பினால் முற்றத்தில் அவருடைய விசில் சத்தம் கேட்கவேண்டும். அந்தச் சத்தம் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கவே பிடிக்கவில்லை. ஆனால் ரோஷம் விடவில்லை. இத்தனை வருடம் கூட இருந்த மனிதர் ‘போகட்டே’ என்று கேட்டால், போக மனம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்? அவர் முகம் கறுத்து எழும்பிப் போனார். அன்றிலிருந்து நாலு நாள் எங்கள் இருவருக்கும் இடையில் கதை பேச்சு இல்லை.

நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். வருட ஓடர் கிடைத்தால் இரண்டு பேருக்கும் கை நிறைய வேலை. பிறகு என்ன கொழும்பு? அவரைப் போகவேண்டாம் என்று நான் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை, ஓடர் சொல்லிவிடும். ஆகவே அந்த மூன்று நாள் சமையல் எனக்குச் சமையல் மட்டும் இல்லை.

எங்கள் மகள் மது கம்பஸ் லீவில் வீட்டில் நின்றாள். பாவம், அவளைத் தபால்காரி ஆக்கினோம்.

“மது, அப்பாட்ட சொல்லு, அகத்தி முறிச்சுத் தரச்சொல்லி.”

அப்பா மூன்றடி தள்ளி நிற்பார். “அம்மாட்ட சொல்லு, முறிச்சு வச்சாச்செண்டு.”

“ரெண்டு பேருக்கும் காது கேட்குதுதானே!” என்று கத்தினாள் மது. இரண்டாம் நாள் கத்தினாள். மூன்றாம் நாள் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு, யார் எதைச் சொன்னாலும் “ஓம்” என்று சொல்லப் பழகிவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

4. ஒரே கோல், இரண்டு அடுப்பு

பயிற்சிக்கு முதல்நாள் பின்னேரம் சேர் பேசினார். கையில் மாவு என்பதால் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் குசினி வாசலில் நின்றார்.

“அக்கா, கடைச் சாமான் வேண்டாம். காலமைச் சிற்றுண்டியும் உங்கட தோட்டத்தில விளைஞ்சதாகவே இருக்கட்டும். வாறவைக்கு அதைத்தான் காட்டவேணும் எனக்கு.”

சிற்றுண்டிக்கு நான் நினைத்திருந்தது அவித்த பயறு. பயறு கடையில் வாங்கியது. ஆகவே மறுநாள் விடிந்ததும் வேலியோரம் போய் மரவள்ளி இழுத்தேன். வீட்டுக்காரர் மீன் வாங்கக் கடற்கரைக்குப் போயிருந்தார். கிழங்கை உரித்துக் கழுவி, நடு நாரை எடுத்து, பெரிய சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டு, மூடாமல் அவித்தேன். தொட்டுக்கொள்ளக் கட்டைச்சம்பலும் மேலே தூவத் தேங்காய்ப்பூவும். ஜன்னலால் மதுவைக் கூப்பிட்டு, “அப்பாட்ட சொல்லு, பயறு இல்லை, மரவள்ளி எண்டு” என்றேன்.

“ஓம் அம்மா.”

ஒன்பது மணிக்குப் பக்கத்து வீட்டுத் தம்பியின் ஓட்டோவில் சிற்றுண்டியையும் மத்தியானச் சாப்பாட்டுச் சட்டிகளையும் ஏற்றிக்கொண்டு நான் புறப்பட்டேன். தேத்தண்ணி சூடாக வரவேண்டும் என்பதால் அவர் பிறகு மோட்டார் சைக்கிளில் கொண்டுவருவதாக ஏற்பாடு.

நான் போனபிறகு வீட்டில் நடந்தது இதுதான். அவரும் அந்தக் கோலைக் கேட்டவர்தானே? தேயிலையும் சீனியும் கடையில் வாங்கியவை. தோட்டத்தில் விளைந்தது என்று அவர் துறையில் எதைக் காட்டுவது? நேரே போட்டுக்குப் போனார். அணியத்தில் கை வைத்தார். முதல் விளைச்சல், மண் மணக்க மணக்க. உரலில் போட்டுத் தாராளமாக இடித்தார்.

“மது, அம்மாக்கு ஒருக்கா கோல் எடுத்துச் சொல்லு, இண்டைக்கு இஞ்சித் தேத்தண்ணி எண்டு.”

“ஓம் அப்பா.”

மரவள்ளி சாப்பிட்ட வாய்க்கு இஞ்சி காட்டக்கூடாது. இதை எங்கள் நாட்டில் சிறுபிள்ளைக்கும் சொல்லிக் கொடுப்பார்கள். சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்று எல்லோரும் ஒற்றுமையாக நம்பும் ஒரு விஷயம் உண்டென்றால் அது இதுதான். இரண்டும் வயிற்றில் சந்தித்தால் நஞ்சு. மரவள்ளி அவித்த அன்றைக்கு இஞ்சித் துண்டை அலுமாரிக்குள் ஒளித்து வைக்கும் வீடுகள் எனக்குத் தெரியும்.

5. பதற்றப்படக்கூடாது

அந்தப் பயிற்சி என்ன பயிற்சி என்று சொல்லவில்லையே. அனர்த்த முகாமைத்துவம். புயல், வெள்ளம், சுனாமி வந்தால் மக்களை எப்படி வழிநடத்துவது என்று படிக்க வந்தவர்கள். வெள்ளைப் பலகையில் பெரிய எழுத்தில் முதல் வரி: ‘பதற்றப்படக்கூடாது.’

மரவள்ளி பத்தே நிமிடத்தில் முடிந்தது. சட்டியைச் சுரண்டினார்கள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓடர் கைக்குள் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு பின்பக்கப் பைப்படியில் பாத்திரம் கழுவப் போனேன். அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரர் பெரிய ஃபிளாஸ்கோடு முன்வாசலால் வந்து, மரவள்ளி வைத்துக் கொடுத்த இலைகள் எல்லாம் குப்பைக்குப் போய்த் துடைத்திருந்த மேசையில், எல்லோருக்கும் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். சேர் இரண்டாவது கோப்பையும் வாங்கினார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வர, கிண்ணியாவிலிருந்து வந்திருந்த பாத்திமா மிஸ் கோப்பையை மூக்கருகில் பிடித்தபடி கேட்கிறார்:

“அண்ணன், தேத்தண்ணிக்குள்ள இஞ்சி போட்டிருக்கா?”

“ஓம் மிஸ்!” இவருக்கு முகமெல்லாம் பல். “எங்கட போட்டில விளைஞ்ச இஞ்சி. கணக்க இடிச்சுப் போட்டனான்.”

“அப்ப நாங்க திண்டது மரவள்ளியெல்லோ?”

அப்போதுதான் அந்தச் சத்தம் வந்தது. இருபத்திரண்டு கோப்பைகள்.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். நாலு நாளைக்குப் பிறகு முதல் தடவையாக நேரே பார்த்தார். “மது சொல்லேல்லையோ?” என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

பிறகு அனர்த்தம் தொடங்கியது. ஒருவர் பைப்படிக்கு ஓடித் தொண்டைக்குள் விரல் விட்டார். இன்னொருவர் வீட்டுக்குக் கோல் எடுத்து, “மோட்டார் சைக்கிள் திறப்பு ரீவிக்கு மேல கிடக்கு, கேட்டதோ? ரீவிக்கு மேல” என்று கடைசி வாக்குமூலம் கொடுத்தார். உப்புத்தண்ணி குடிக்கவேண்டும் என்றார் ஒருவர். இல்லை, சீனித்தண்ணி என்றார் மற்றவர். இரண்டையும் கலந்து குடித்தார் மூன்றாமவர். ‘பதற்றப்படக்கூடாது’ என்று எழுதிய விரிவுரையாளர் அதே பலகையில் சாய்ந்து நின்று வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

சேருக்கு முகத்தில் இரத்தமே இல்லை. இரண்டு கோப்பை குடித்த ஒரே ஆள் அவர். என்றாலும் அவர்தான் தெரிந்த டொக்டர் ஒருவருக்குக் கோல் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

“கிழங்கு கசந்ததோ?” என்று டொக்டர் கேட்டார்.

“இல்லை” என்று எல்லோரும் சொன்னார்கள்.

“அவிச்ச ஆள் பக்கத்தில நிற்கிறாவோ? எப்பிடி அவிச்சனீங்கள்?”

“தோல் உரிச்சு, நார் எடுத்து, நிறையத் தண்ணி விட்டு, மூடாமல் நல்லா அவிச்சு, அந்தத் தண்ணியை வடிச்சு ஊத்தினனான் டொக்டர்.”

“அப்ப ஏன் பயப்பிடுறீங்கள்? கிழங்கு ஒழுங்கா அவிஞ்சதோ எண்டதுதான் விஷயம். இஞ்சி பாவம், அதை விடுங்கோ. மனசுக்கு ஒரு ஆறுதலுக்கு ரெண்டு மணித்தியாலம் ஆளுக்காள் பார்த்துக்கொண்டிருங்கோ. சத்தி எடுக்க வருது, தலை சுத்துது எண்டு ஆரும் சொன்னால் உடனே கொண்டுவாங்கோ.”

டொக்டர் ஃபோனை வைத்தார். ஒருவரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால் நானும் நம்பவில்லை. பிறந்ததிலிருந்து கேட்டது ஒரு டொக்டர் சொன்னதும் போய்விடுமா?

6. இரண்டு மணித்தியாலம்

அப்போது என் வீட்டுக்காரர் ஒரு வேலை செய்தார். எனக்கென்று நான் எடுத்து வைத்திருந்த கிழங்கைக் கண்டுபிடித்து, எல்லோருக்கும் முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து துண்டு தின்றார். ஃபிளாஸ்கில் மிச்சமிருந்த இஞ்சித் தேத்தண்ணியை ஊற்றி மடமடவென்று குடித்தார்.

“நான்தான் போட்டனான். வாறதெண்டால் முதல்ல எனக்கு வரட்டும்” என்றார்.

அதுவரை எனக்கு அவர்மேல் இருந்த கோபம் எங்கே போனதென்று தெரியாது. ஓடரும் மறந்தது, சேரும் மறந்தது. இந்த மனிதருக்கு ஒன்று நடந்தால் நான் என்ன செய்வேன் என்பது மட்டும்தான் தலைக்குள் நின்றது. போய் மிச்சமிருந்த இரண்டு துண்டையும் எடுத்து வாயில் போட்டேன். அவருடைய கோப்பையைப் பறித்து அடியில் கிடந்ததைக் குடித்தேன். நல்ல காரம். சுவையாகத்தான் இருந்தது.

“உனக்கென்ன விசரே?” என்று கத்தினார்.

“நீங்கள் தனியப் போகலாமெண்டு நினைச்சீங்களோ?” என்று நானும் கத்தினேன்.

எங்களை வெளி விறாந்தையில் ஒரு நீள மரவாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருத்தினார்கள். மற்றவர்கள் உள்ளே ஆளுக்காள் நாடி பிடித்துக்கொண்டிருந்தார்கள். கீழே உள்துறைமுகத்தில் ஒரு லோஞ்ச் போனது. அவர் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

“தங்கேஸ், எனக்குக் கொழும்புக்குப் போக விருப்பமில்லை.”

“அப்ப ஏன் போகட்டே எண்டு கேட்டனீங்கள்?”

“நீ மறிப்பாயெண்டு பார்த்தனான்.”

“நீங்கள் போகமாட்டன் எண்டு சொல்லுவீங்கள் எண்டு நான் பார்த்தனான்.”

ஜன்னலுக்கு உட்பக்கம் நின்ற பாத்திமா மிஸ், “அல்லாஹ்வே, இதை வீட்டில வச்சே கதைச்சிருந்தா எங்கட உயிர் தப்பியிருக்குமே!” என்றார். அதற்குப் பிறகு எங்கள் நாலு நாள் மௌனத்தையும் மதுவின் தபால் சேவையையும் முழுக்கச் சொல்லவேண்டியதாகிவிட்டது. எல்லோரும் கேட்டார்கள். சாகப்போகும் ஆட்களுக்குப் பொழுது போகவேண்டுமே.

பன்னிரண்டரை மணிக்கு இரண்டு மணித்தியாலம் முடிந்தது. ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை. பசி மட்டும்தான் வந்தது. தொண்டைக்குள் விரல் விட்டவருக்குத்தான் பெரிய பசி. அகத்தி வறையும் பாரை மீன்குழம்பும் திறந்ததும், கடைசி வாக்குமூலம் கொடுத்தவர் முதல் ஆளாகத் தட்டை எடுத்தார். சோறு ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

“சாப்பாட்டில குறை சொல்ல ஏலாது அக்கா” என்றார் சேர், கை கழுவிக்கொண்டே. “ஆனா வருட ஓடரைப் பற்றி யோசிச்சுத்தான் சொல்லுவன். நாளைக்கும் நாளண்டைக்கும் சாப்பாடு மட்டும் கொண்டுவாங்கோ. தேத்தண்ணி நாங்களே போடுறம்.”

யோசிப்பதற்கு அவருக்கு ஒன்றரை மாதம் பிடித்தது. ஓடர் வந்தது, தேத்தண்ணியும் சேர்த்துத்தான். இன்றைக்கும் அந்த நிலையத்துக்கு நாங்கள்தான் கொடுக்கிறோம். எங்கள் குசினி ஒப்பந்தமும் மாறிவிட்டது. இப்போது காலையில் அவர் என் சட்டியைத் திறந்து பார்க்கிறார், நான் அவருடைய கேத்தலை மோந்து பார்க்கிறேன். சண்டை முன்பைவிடக் கூட. பரவாயில்லை.

7. மோகனின் கோல்

ஆனால் அன்றைக்கு நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது ஓடர் எங்கள் கையில் இல்லை. கிடைக்கும் என்ற நம்பிக்கையும் இல்லை. மது இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு இயர்போனைக் கழற்றினாள். நடந்ததைச் சொன்னோம். அவள் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் படியில் இருந்துவிட்டாள்.

ஐந்து மணிபோல இவருடைய ஃபோன் அடித்தது. மோகன். இவர் கேத்தலோடு அடுப்படியில் நின்றார். எடுக்காமல் என்னைப் பார்த்தார். நானே எடுத்தேன்.

“அக்கா, அண்ணன் எப்ப வாறார்? இஞ்ச கேட்கினம்.”

“அவர் வரமாட்டார் தம்பி.”

“ஏன் அக்கா, அங்க ஏதும் வேலை சரிவந்திட்டுதோ?”

“இல்லை. எனக்கு அவர் இஞ்ச வேணும்.”

அடுப்படியில் தண்ணீர் கொதித்துச் சிந்தியும் இவர் கேத்தலை இறக்கவில்லை. எனக்கு முகம் சுட்டது. தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அந்த நாலு சொல்லை நாலு நாளுக்கு முன்பு நான் சொல்லியிருந்தால், இருபத்திரண்டு பேர் நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்திருப்பார்கள்.